கேக் அபராதம்

லிஸ்பெத்தின் காதுபட யாரும் யாரையும் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட முடியாது. கேட்டால் மறுநாள் காபி நேரத்துக்குக் கேக் வாங்கி வர வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடியில் கிடைக்கிற காய்ந்த கேக் எல்லாம் செல்லாது. மேலே க்ரீம் பூசிய நல்ல கேக், தோட்டத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் போதும்படி. இந்த அபராதத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், ஈவிரக்கமில்லாமல் வசூலித்தவளும் அவள்தான்.

நால்ட்வெய்க் என்கிற டச்சு ஊருக்குப் பக்கத்தில் ஆர்க்கிட் வளர்க்கிற கண்ணாடித் தோட்டம் அது. ஆள் எடுப்பது, விடுப்பு, ஒப்பந்தம், சண்டை சச்சரவு என்று ஊழியர் விவகாரம் முழுக்க லிஸ்பெத் தலையில். உடம்பு சரியில்லை என்று ஒருவர் போன் செய்தால், எத்தனை நாள் ஆகும், பாதியில் நிற்கிற வேலை என்ன, எந்த முகவரியில் இருப்பீர்கள் என்று மூன்று கேள்விதான் அவள் கேட்பாள். என்ன நோய் என்று முதலாளி தரப்பில் கேட்பது சட்டப்படி தப்பு. அவராகவே வாய்விட்டுச் சொன்னாலும் எழுதி வைப்பது தப்பு. மற்றதெல்லாம் கம்பெனிக்காகப் பார்க்கிற டாக்டர் பாடு. அவரும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார். இன்ன வேலை செய்யலாம், இன்னது கூடாது என்று மட்டும் சீட்டு அனுப்புவார்.

இதில் லிஸ்பெத்துக்கு இருந்த பிடிவாதத்தைப் பார்த்துச் சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் புதிதாக வந்தவர்கள். பழைய முதலாளி காலத்தில் இருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அந்த மனிதர் தோளில் கை போட்டு அன்பாகத்தான் கேட்பார், என்னம்மா, எங்கே வலிக்கிறது என்று. மார்பில் கட்டி என்று நம்பிச் சொன்ன பெண்ணுக்கு அடுத்த ஒப்பந்தம் வரவில்லை. மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை என்று சொன்னவனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அந்தப் பெண்ணிடம் போய் 'உனக்கு இனி வேலை இல்லை' என்று சொல்ல அனுப்பப்பட்டவள் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த லிஸ்பெத். அந்த முகத்தை அவள் மறக்கவே இல்லை. அதனால் அந்த முதலாளியின் மகன் கோஸ் முதலாளியானதும் முதல் வேலையாக அவன் வாயைக் கட்டினாள்.

கோஸ் நல்லவன்தான், வாய்தான் நிற்காது. ஆரென்ட் விஷயத்தில் மட்டும் இரண்டு தடவை கேட்டு இரண்டு கேக் வாங்கியவன்.

ஆரென்ட் அங்கே ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். ஆர்க்கிட் தட்டுகள் அடுக்கிய உயரமான சட்டங்களைத் தூக்கி வந்து பெட்டி போடுகிற கூடத்தில் இறக்குவான். கையில் முட்டையை வைத்திருப்பது போல ஓட்டுவான், ஒரு பூ உதிராது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் விடுப்பில் இருந்தான். பனி போய், கம்பெனி டாக்டர் பூமாவிடமிருந்து சீட்டு வந்தது. திங்கட்கிழமை முதல் முழு வேலைக்கும் தகுதி. லிஸ்பெத்துக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. வெள்ளிக்கிழமையே சாப்பாட்டு அறையில் காகிதத் தோரணம் கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நாத்தனார் ஆன்யாவுக்குப் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லாரும் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி வந்து, பிறந்தநாள்காரிக்கு மட்டுமில்லாமல் அவள் புருஷனுக்கும் மாமியாருக்கும்கூடக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள், பூனைக்குச் சொல்லாத குறைதான். லிஸ்பெத்துக்கும் அண்ணி என்ற முறையில் வாழ்த்துகள் வந்து குவிந்தன. ஆளுக்கு ஒரு காபி, ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டுக்கு நாக்கு துடித்தாலும் யாரும் கை நீட்டவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் ட்ரூடியும் வந்திருந்தாள். ஆரென்ட்டின் மனைவி. சமையலறையில் லிஸ்பெத் கேக் வெட்டிக் கொடுக்க, ட்ரூடி தட்டுகளில் எடுத்து வைத்தாள்.

"நாளைக்கு உன் ஆளு வர்றான். தோரணமெல்லாம் கட்டியாச்சு. அழப்போறான் பாரு" என்றாள் லிஸ்பெத்.

ட்ரூடி தட்டைக் கீழே வைத்தாள். அழுதது அவள்தான்.

"அவனுக்கு மறுபடியும் வந்துச்சு லிஸ்பெத்."

"ட்ரூடி, வேணாம். எங்கிட்ட சொல்லாத."

"வேற யாருகிட்ட சொல்றது? புதன்கிழமை காபி கோப்பையப் புடிச்சிக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னான். அப்படியே நிக்கிறான். கண்ணு தெறந்திருக்கு, ஆளு இல்ல. சூடா காபி கால்ல கொட்டுது, அவனுக்குத் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு முழிச்சுக்கிட்டு, 'யாரு இங்க கொட்டினா'ன்னு என்னையே கேக்குறான்."

"டாக்டர் பூமாகிட்ட சொன்னானா?"

"எங்க சொன்னான்? மருந்துல எல்லாம் நின்னுபோச்சுன்னு சொல்லி சீட்டு வாங்கிட்டான். வண்டி போச்சுன்னா நானும் போனேன்றான். வீட்ல அவன் உக்காந்திருந்த லட்சணத்த நீ பாக்கல. நாள் பூரா சுவரு, சுவரு, சுவரு." அவள் கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, கேக்குக்கு வைத்திருந்த பூப்போட்ட காகிதத் துண்டால் மூக்கைத் துடைத்தாள். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு. இங்க நீ ஆபீஸ் இல்ல, ஆன்யாவோட அண்ணி."

லிஸ்பெத்தின் கையில் கேக் கத்தி இருந்தது. அதில் ஒட்டிய க்ரீமைப் பார்த்துக்கொண்டே, "சொல்லமாட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை ஆரென்ட் வந்தான். தோரணத்தைப் பார்த்துக் கேலி செய்தான். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு தன் வண்டியின் இருக்கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். லிஸ்பெத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

அவன் வண்டி திரும்புகிற முனையில்தான் ஹலினாவின் மேஜை. போலந்துக்காரி, பூந்தொட்டிகளைப் பெட்டியில் அடுக்குகிறவள். பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வேலை செய்வாள், வேலை செய்கிறபோது தனக்குள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். "புது பெட்டி எப்படி இருக்கு?" என்று லிஸ்பெத் கேட்டாள். "ஓரம் கையக் கிழிக்குது" என்றாள் ஹலினா. மாற்றச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு லிஸ்பெத் நேராகக் கோஸின் அறைக்குப் போனாள்.

கோஸ் ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ஆரென்ட்ட ரெண்டு வாரம் லேபிள் மேஜைல போடலாமே. அது காலியாத்தான் கெடக்கு. மெதுவா ஆரம்பிக்கட்டும்."

"ஏன்? டாக்டர் முழு வேலைன்னு எழுதியிருக்காரே."

"சும்மாதான்."

கோஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். "உனக்கு ஏதாவது தெரியுமா?"

"இல்ல."

"அப்ப சீட்டுல இருக்கறதுதான். நீதானே தாயே சொல்லிச் சொல்லி என் உயிர வாங்கினே? 'கோஸ், நீ டாக்டர் இல்ல. சீட்டுல இருக்கறதுக்கு மேல கூட்டாத, கீழ குறைக்காத.' ரெண்டு கேக் தண்டம் அழுதவன் நான். இப்ப வண்டியப் புடுங்கினா ஏன்னு கேப்பான். வக்கீல வெச்சுக் கேப்பான். யாரு பதில் சொல்றது, நீயா?"

அவன் பேசியது ஒவ்வொரு சொல்லும் அவள் சொல்லிக் கொடுத்தது.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டர் பூமாவுக்குப் போன் செய்தாள். ஆரென்ட்டை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

"தாராளமா. என்ன பாத்துட்டுக் கேக்கறீங்க?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா? சொல்லியிருந்தா சொல்லுங்க. ஆனா ஒண்ணு, என்ன கேள்விப்பட்டேன், யாரு மூலமான்னு அவர்கிட்ட நான் மறைக்க முடியாது. அது அவரோட உரிமை."

லிஸ்பெத் கண்ணை மூடினாள். ட்ரூடி மூக்கைத் துடைத்த அந்தப் பூப்போட்ட காகிதம் ஞாபகத்துக்கு வந்தது.

"இல்ல டாக்டர், பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவான்னா, என் சீட்டு அப்படியே நிக்குது" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவரும் விதிப்படிதான் பேசினார். எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு அறையில் ஆரென்ட் தனியாக உட்கார்ந்திருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"எப்படிப் போவுது?"

"மூணு கேள்விதானே உனக்கு? பதில் சொல்லிடறேன்" என்றான் அவன், மோரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு. "எத்தன நாள் ஆகும்? பென்ஷன் வரைக்கும் ஆகும். பாதில நிக்கற வேலை? வாசல்ல நிக்குது ஒரு லாரி. எந்த முகவரி? ஃபோர்க்லிஃப்ட், ஓட்டறவன் சீட்டு."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை நிறுத்தினான்.

"ட்ரூடி ஒளறிட்டாளா?"

லிஸ்பெத் மேஜையில் சிந்தியிருந்த ரொட்டித் தூளை விரலால் கூட்டினாள். அதுவே போதுமாக இருந்தது அவனுக்கு.

"இங்க பாரு லிஸ்பெத். ஆன்யா வீட்ல நீ கேக்குத் தட்டக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டது இங்க செல்லாது. இந்தக் கதவுக்கு உள்ள உனக்கு ஒண்ணும் தெரியாது. உன் சட்டம்தான இது? நல்ல சட்டம். அதுனாலதான் நான் இன்னும் மனுஷனா இருக்கேன்."

"நீயே பூமாகிட்ட போய்ச் சொல்லு ஆரென்ட். வண்டி இல்லேன்னா வேற வேலை தந்தாகணும். நான் பாத்துக்கறேன்."

"லேபிள் ஒட்டவா?" அவன் எழுந்தான். "ஒரு தடவ வந்துச்சு, வீட்ல வந்துச்சு. தூக்கம் கெட்டுப்போயிருந்துச்சு. அவ்வளவுதான். நீ உன் தோரணத்தக் கழட்டு, தூசி புடிக்குது."

அவள் தோரணத்தைக் கழற்றினாள். அதற்கு மேல் தட்டுவதற்கு அவளுக்குக் கதவு தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஆரென்ட்டை வண்டியிலிருந்து இறக்க ஒரு வழி, ஒரே ஒரு வழி இருக்கிறதா என்று தேடினாள். பார்த்துப் பார்த்து அடைத்து வைத்த வேலி அது. இத்தனை வருடமும் அதில் ஓட்டை விழாமல் காத்தவளே அவள்தான்.

புதன்கிழமை காலை கூடத்தைத் தாண்டிப் போகையில் ஹலினாவுக்கு வணக்கம் சொன்னாள். ஹலினா திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி ஆட்டினாள்.

காபிக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் அது நடந்தது. ஆரென்ட்டின் வண்டி முனையில் திரும்பவில்லை. வேகம்கூட இல்லை, நடக்கிற வேகம்தான். வெள்ளைப் பூக்கள் அடுக்கிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் ஹலினாவையும் அவள் மேஜையையும் சுவரோடு சேர்த்து நெருக்கியது. லிஸ்பெத் அலறல் கேட்டு ஓடி வந்தபோது யாரோ எட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தியிருந்தார்கள். ஹலினாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. அவள் தன் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆரென்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. சிறிது நேரம் கழித்து இமைத்தான், சுற்றிலும் பார்த்தான்.

"யாரு கத்தறது?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் ட்ரூடி போன் செய்தாள். லிஸ்பெத் தானாகவே, "நான் யாருகிட்டயும் சொல்லல ட்ரூடி" என்றாள்.

"சொல்லாதன்னுதான் சொன்னேன். ஊர்ல இத்தன பேர விட்டுட்டு உங்கிட்ட வந்து ஏன் சொன்னேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா நீ?" என்று சொல்லிவிட்டு ட்ரூடி போனை வைத்துவிட்டாள்.

தொழில் பாதுகாப்பு ஆய்வாளர் அடுத்த வாரம் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். கோஸின் அறையில் லிஸ்பெத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டாக்டர் சீட்டு, ஓட்டுநர் பயிற்சிச் சான்று, திரும்பி வந்தபோது செய்த சந்திப்புக் குறிப்பு எல்லாம் இருந்தன. நோயைப் பற்றி எங்கேயும் ஒரு எழுத்துக்கூட இல்லை.

"இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கற எடத்த நான் பாத்ததில்ல" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவருக்கு இப்படி வரும்னு கம்பெனில யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

"இல்ல" என்றான் கோஸ். அவன் அளவில் அது உண்மை.

"எனக்குத் தெரியும்" என்றாள் லிஸ்பெத்.

கோஸ் அவளையே பார்த்தான். ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

"அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"அவர் சம்சாரம் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை. பிறந்தநாள் வீட்ல, சமையலறைல."

ஆய்வாளர் பேனாவைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"அது நீங்க வேலைல தெரிஞ்சுக்கிட்டது இல்லையே. அத இந்தக் கோப்புல எழுதி வெச்சிருந்தீங்கன்னா அதுக்கு வேற ஆபீஸ்லேர்ந்து உங்களுக்கு அபராதம் வந்திருக்கும். டாக்டர் தகுதின்னு எழுதின ஆள நீங்க எறக்கவும் முடியாது. என் பார்வைல நீங்க தப்பா எதுவும் செய்யல."

"ஒரு பொண்ணோட காலு நொறுங்கிப்போச்சு."

"தெரியும்மா. அதுக்குத்தான் வந்திருக்கேன்." அவர் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. "நடைபாதையோட மஞ்சக் கோடு அழிஞ்சிருக்கு. அத எழுதிக்கறேன். ஒரு மாசத்துல புதுசாப் போடுங்க."

அவர் போனதும் கோஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "அன்னிக்கு உனக்கு ஏதாவது தெரியுமான்னு கேட்டேனே லிஸ்பெத்" என்றான். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் அவளைத் திட்டத் தயாராக இல்லை. அந்தப் பழியை எடுத்துக்கொண்டு எங்கே போய் இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹலினா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை, லிஸ்பெத் ஊரிலேயே நல்ல பேக்கரிக்குப் போய்ப் பெரிய க்ரீம் கேக்காக வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனாள். ஹலினா சோபாவில் சாய்ந்து, கம்பிகள் குத்திய காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அடேயப்பா, அபராதக் கேக்கா? யாரு கேட்டா, யாரக் கேட்டா?"

"யாரும் கேக்கல. கேக்காததுக்குத்தான் இது" என்றாள் லிஸ்பெத்.

உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ட்ரூடி, கேக் கத்தி, கோஸ், பூமா, சாப்பாட்டு அறை. எதையும் விடவில்லை. ஹலினாவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"ஞாயித்துக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"திங்கக்கிழமை வந்து பெட்டி எப்படி இருக்குன்னு கேட்டீங்க."

"ஆமா."

"புதன்கிழமை காலைல வணக்கம் சொன்னீங்க."

"ஆமா." லிஸ்பெத் கேக் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். "அவன அந்த வண்டிலேர்ந்து எறக்க என்னால முடியல ஹலினா. சட்டத்துல அதுக்கு எடமே இல்ல. எல்லாக் கதவையும் தட்டிப் பாத்துட்டேன், சத்தியமா."

ஹலினா அவளை விநோதமாகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், ஒரு குழப்பம்தான் இருந்தது.

"அவர எதுக்கு எறக்கணும்? என்ன நகத்தியிருக்கலாமே."

ஹலினா இரண்டு கையாலும் காலைப் பிடித்து ஸ்டூலின் மேல் சரியாக வைத்துக்கொண்டாள்.

"லேபிள் மேஜை காலியாத்தானே கெடந்துச்சு. 'ஹலினா, ரெண்டு நாளைக்கு அங்க போய் நில்லு'ன்னா நின்னிருப்பேன். ஏன்னுகூடக் கேட்டிருக்க மாட்டேன். நீங்க சொல்லி நான் எத செய்யாம இருந்திருக்கேன்?"

திங்களும் செவ்வாயும் லிஸ்பெத் ஆரென்ட்டைப் பற்றி மட்டும்தான் யோசித்தாள். அவன் சீட்டு, அவன் உரிமை, அவன் ரகசியம். லேபிள் மேஜையைக்கூட அவனுக்காகத்தான் கேட்டாள். ஹலினா நோயாளி இல்லை. ஹலினாவுக்குச் சீட்டு இல்லை, அதனால் அவள் கணக்கிலேயே வரவில்லை. இங்கிருந்து அங்கே போய் நில் என்று ஒருத்தியிடம் சொல்ல எந்த டாக்டரையும் எந்த வக்கீலையும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஹலினா தன் காலைப் பார்த்தாள், பிறகு மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"கேக்க எடுத்துட்டுப் போங்க" என்றாள். "இங்க வெயில் அடிக்குது, க்ரீம் கெட்டுடும்."